ஆரபி செத்துப்போகும் ஞாயிற்றுக்கிழமை

ரீவியில் ஆரபி இன்னும் சாகவில்லை. என் பக்கத்தில், செற்றியில் காலை மடக்கி இருந்துகொண்டு, வடையை உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள். போடுகிறாளே தவிர மெல்லுகிற சத்தத்தைக் காணோம். சின்னதில் சோறு தீத்தும்போதும் இப்படித்தான், கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். இப்போதும் என்னைத்தான் பார்க்கிறாள், திரையைப் பார்க்கவில்லை. பார்க்கட்டும். தாய் எப்படிப் பெருமைப்படுகிறாள் என்று பார்க்க ஆசையாக்கும். எனக்குப் பெருமைதான், இல்லையென்று ஆர் சொன்னது. நாடகம் நடக்கிற வெல்கோட் நகரத்து மணிக்கூண்டு தெரிகிறது, ஆற்றில் வாத்துகள் போகின்றன, அந்தக் கிளாரினெற் இசை தொடங்கிவிட்டது. இந்த இசைக்கு நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருப்பேன். கோயிலில் தேவகி அக்கா கேட்டா, ‘மகளுக்கு என்ன பாத்திரம்?’ என்று. முக்கியமான பாத்திரம் என்றேன். பொய்யில்லையே. கொலை நடக்காவிட்டால் இன்ஸ்பெக்டருக்கு என்ன வேலை, படம் முழுக்க எல்லாரும் கதைக்கப்போவது அவளைப் பற்றித்தானே, அவளை ஆர் கடைசியாகக் கண்டது, அவள் ஆரோடு சண்டை பிடித்தாள், அவளுடைய அறையில் என்ன இருந்தது என்று. பிணம்தான் பாத்திரம் என்று மட்டும் நான் சொல்லவில்லை. கோயில் வீதியில் நின்று, பெற்ற பிள்ளையைப் பற்றி, அந்தச் சொல்லை எப்படிச் சொல்லுவது, நாக்கு வரவில்லை. மருந்துக்கடையில் என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் சொன்னேன், இங்கிலீசில் அந்தச் சொல் அவ்வளவு குத்தவில்லை. அவர்கள் துள்ளிக் குதித்தார்கள். இந்த நாட்டில் நடிக்கிற எல்லாருமே ஒரு தடவையாவது இன்ஸ்பெக்டர் ஆர்ட்லியின் துப்பறியும் நாடகத்தில் செத்திருக்க வேண்டுமாம், அப்படிச் செத்தால்தான் நடிகர் என்று மதிப்பார்களாம். ‘இஞ்சாருங்கோ, தொடங்கிட்டுது’ என்று கூப்பிடுகிறேன். இவர் குசினி வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறார். ‘அவள் சாகிற இடம் வரப்போகுதோ?’ ‘இன்னும் இல்லை அப்பா’ என்கிறாள் ஆரபி. ‘அப்ப நான் தேத்தண்ணி போடுறன்.’ இது மூன்றாவது தேத்தண்ணி. முதல் போட்ட இரண்டும் ஆறிப்போய் மேசையில் இருக்கின்றன.

ஆர்ட்லி இருந்திருந்தால், அந்த மனிசன் இருந்திருந்தால், இந்தத் திரையில் ஆரபிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருப்பார், சாம்பல் நிறக் கோட்டும், பொக்கற்றுக்குள் இனிப்பைத் தேடுகிற கையுமாக. அவராக நடித்தவர் செத்து எவ்வளவு காலமாகிவிட்டது. நான் கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்து இறங்கிய குளிர்காலத்தில் ஈஸ்ற்ஹாமில் மாடியறை ஒன்று, ஜன்னலுக்கு வெளியே மற்ற வீட்டுச் சுவர், இவருக்குப் பின்னேர வேலை, வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய ரீவி ஒன்று. அதைத் தட்டினால்தான் படம் வரும். அதில்தான் ஆர்ட்லி வந்தார். சொல்லுகிறது ஒன்றும் விளங்காது. ஆனால் அவர் ஆரையும் அதட்டுவதில்லை, கதவைத் தட்டுவார், தொப்பியைக் கழற்றுவார், உள்ளே வரலாமோ என்று கேட்பார். பொலிஸ்காரன் ஒருவன் வீட்டுக்குள் வரலாமோ என்று கேட்கிறதை நான் அதற்கு முதல் கண்டதில்லை. நான் முழுசாகப் பாடமாக்கிய முதல் இங்கிலீசு வசனம் அவருடையதுதான், ‘செவ்வாய்க்கிழமை பின்னேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?’ இவர் வேலை முடிந்து படியேறி வரும்போது கதவைத் திறந்து அதையே கேட்டேன். மனிசன் பயந்துபோய், ‘சத்தியமா வேலையில நிண்டனான் மலர்’ என்றார். தவமலர் என்ற முழுப்பெயரைச் சுருக்கி அன்றைக்குத்தான் முதன்முதல் மலர் என்று கூப்பிட்டார், அதையும் ஆர்ட்லிதான் தந்தார் என்று சொல்லலாம். பிறகு பிறகு வசனங்கள் விளங்கத் தொடங்கின, பிறகு கொலைகாரன் ஆரென்று இவருக்கு முதலே சொல்லத் தொடங்கினேன், பிறகு ஆரபி வயிற்றில் இருக்கும்போதும் அவள் மடியில் கிடக்கும்போதும் ஆர்ட்லிதான். ஆர்ட்லி கடைசிப் பாகத்தில் ஆற்றங்கரை மரவாங்கில் இருந்தபடியே உயிரை விட்டபோது நான் அழுத அழுகைக்கு இவர் ஊரிலிருந்து ஏதோ செய்தி வந்துவிட்டதென்று நினைத்துத் தொலைபேசியைத் தூக்கிப் பார்த்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அவருக்குக் கீழே சார்ஜனாக இருந்த மேகி கோலை இன்ஸ்பெக்டர் ஆக்கி அடுத்த நாடகம் வந்தது, அது சரிவராது என்று ஒரு பாகம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன், பிறகு அவளும் கதவடியில் நின்று உள்ளே வரலாமோ என்று கேட்டாள், சரி, வா என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஆர்ட்லியின் வாலிப காலம் என்று இன்னொன்று. தலைமயிர் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது அந்தப் பெடியனுக்கு, என்றாலும் அவன் இனிப்பைத் தேடிப் பொக்கற்றுக்குள் கைவிடும்போது நெஞ்சு இளகுகிறது, எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, சிலதை இரண்டாந்தரமும். இன்றைக்கு ஓடுவது கோலின் நாடகம். அதற்குள்தான் என் பிள்ளை சாகப்போகிறாள்.

படகுகள் கட்டுகிற கொட்டில். விடிகாலைப் புகார், பனிமூட்டம். கிழவர் ஒருவர் நாயோடு வருகிறார், நாய் கொண்டுபோய்க் காட்டாத பிணம் இந்த நாட்டில் இல்லை, நாய் இழுக்கிறது, கிழவர் குனிகிறார். ஐயோ இப்போது காட்டப்போகிறார்கள். காட்டட்டும். பக்கத்தில்தானே இருக்கிறாள். நான் கையை நீட்டி அவளுடைய பாதத்தைப் பிடிக்கிறேன், காலுறைக்கு மேலால், சூடாக இருக்கிறது, பெருவிரல் அசைகிறது. திரையில் முதலில் கைதான் வருகிறது. என் பிள்ளையின் கை. அந்தச் சுண்டுவிரலின் வளைவு எங்கள் குடும்பத்து வளைவு. அதில் சேறு. பிறகு தலைமயிர், பிறகு முகம், கண் பாதி திறந்து. இந்தக் கண்ணை மூடிவிட வேண்டும், ஆரும் மூடவில்லையே. இதைப் பார்க்கக் கூடாது, பெற்ற பிள்ளை செத்துக் கிடக்கிறதை எந்தத் தாயும் பார்க்கக் கூடாது, அம்மா இருந்திருந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கக் கத்தியிருப்பா, ‘நாவூறு கழிச்சுப் போடு பிள்ளை’ என்றிருப்பா. நாளைக்குக் கட்டாயம் உப்பும் செத்தல்மிளகாயும் சுத்திப் போடவேண்டும், இவள் சிரித்தாலும் பரவாயில்லை, சுத்திப் போடவேண்டும். பாதத்தை இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. ‘அம்மா, நோகுது’ என்கிறாள். நோகட்டும், நோகிறது நல்லது. ‘மூச்சு எடுக்கேல்லையோ நீ?’ என்று கேட்கிறேன். ‘கமரா வயித்துக்கு மேல வரேக்கை அடக்கோணும் அம்மா. குளிர் வேற. பல் அடிக்கப் பாத்தது, நாக்கைப் பல்லுக்கிடையில வைச்சுக்கொண்டு கிடந்தன்.’ பாதி திறந்த கண் இமைக்கவில்லை. புகார் முகத்துக்கு மேலால் போகிறது, இமைக்கவில்லை. ஒரு இலை வந்து கன்னத்தில் விழுகிறது, அது திட்டமிட்டதா தானாக விழுந்ததா, அதற்கும் அசையவில்லை. நான் எத்தனையோ பிணங்களை இந்த நாடகங்களில் பார்த்தவள், சிலதுக்குக் கழுத்து நரம்பு துடிக்கும், சிலதுக்கு இமை நடுங்கும், ஆர்ட்லி காலத்தில் ஒருத்தி மூக்கைச் சுருக்கியதை நான் கண்டுபிடித்து இவருக்குக் காட்டியிருக்கிறேன். என் பிள்ளையில் பிழை பிடிக்க முடியாது. வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டாள் என்று ஆசிரியர்மார் கூப்பிட்டுச் சொன்ன பிள்ளை, தெரு முழுக்க ஓடித்திரிந்த பிள்ளை, எப்படிக் கிடக்கிறாள் பார், எவ்வளவு வடிவாகக் கிடக்கிறாள். வடிவு என்கிற சொல் வந்ததும் எனக்கே திடுக்கென்றது. ஆனால் அதுதான் உண்மை. பயமும் பெருமையும் ஒரே இடத்தில் இருந்து வந்தால் எதை விழுங்குவது, எதைத் துப்புவது.

கோல் வந்துவிட்டாள். கையுறையைக் கழற்றுகிறாள், சேற்றில் முழங்கால் வைக்கிறாள். காற்சட்டை பழுதாகப் போகிறதே என்று நினைக்கிற ஆளில்லை அவள், அதனால்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. ‘இவளுக்குப் பெயர் என்ன?’ என்று கேட்கிறாள். பக்கத்தில் நிற்கிற பெடியன் ஏதோ அட்டையைப் பார்த்து, நாக்கைப் புரட்டி, ‘கௌரி’ என்கிறான். கோல் திரும்பச் சொல்லுகிறாள், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, ‘கௌரி.’ சரியாகச் சொல்லுகிறாள். ‘நான்தான் அவவுக்குச் சொல்லிக்குடுத்தனான்’ என்று ஆரபி காதுக்குள் சொல்லுகிறாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டேன், இந்த இடம் எனக்குக் கோயில் மாதிரி. இத்தனை வருசமாக நான் இதைப் பார்க்கிறது எதற்கென்று இவர் பகிடி பண்ணுவார், கொலை பார்க்கிறதில் உனக்கென்ன சந்தோசம் என்று. கொலைக்கு இல்லை. இந்தக் கேள்விக்கு. ஆர் செத்தாலும், குடிகாரன் செத்தாலும், தெருவில் படுக்கிறவன் செத்தாலும், எவரோ ஒருவர் வந்து முழங்காலில் இருந்து பெயர் கேட்கிறார். பிறகு அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். கடைசியில் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, நீதான் என்கிறார். குகனுக்கு அப்படி ஒருவரும், வேண்டாம், இன்றைக்கு அவனை நினைக்கிற நாளில்லை, இன்றைக்கு என் பிள்ளையின் நாள். அவனை நினைத்தால் சந்தி வரும், சந்தி வந்தால் மதகடியில் கிடந்த அவனுடைய சைக்கிள் வரும், சைக்கிளின் முன்சில்லு சுற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள், அது எப்படி அவ்வளவு நேரமாகச் சுற்றும், ஆரோ கண்டதுக்கு மேலால் கூட்டிச் சொன்னதாக இருக்கும், ஆனால் எனக்குள் இன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. என் தம்பி. மீசை அரும்பி அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு திரிந்த வயது. போதும். விளம்பரம் வருகிறது, சவர்க்காரம், கார், விடுமுறைத் தீவு. இவர் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்று, ‘முடிஞ்சுதோ?’ என்கிறார். ‘செத்திட்டாள், வாங்கோ’ என்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டேன், வாய் தவறி, அவ்வளவு இலேசாக. மூன்று பேரும் சிரிக்கிறோம். இவர் ஆரபியின் தலையில் கையை வைத்துவிட்டுத்தான் தன் கதிரையில் இருக்கிறார். அவள் மட்டும் சிரித்து முடித்ததும் திரும்பவும் என் முகத்தைப் பார்க்கிறாள். வடை கையில் அப்படியே இருக்கிறது. என்ன பார்க்கிறாள் இவள். நன்றாக நடித்தாய் என்று சொல்லக் காத்திருக்கிறாளோ. ‘அச்சாவாக் கிடந்தாய் பிள்ளை’ என்கிறேன். தலையை ஆட்டுகிறாள், ஆனால் அது இல்லை, வேறு ஏதோ. ‘இனித்தான் அம்மா’ என்கிறாள். ‘என்ன இனி?’ ‘பாருங்கோவன்.’

கோல் கார் ஒன்றை ஒரு சின்ன வீட்டுக்கு முன்னால் நிறுத்துகிறாள். கௌரியின் தகப்பனிடம் செய்தி சொல்லப் போகிறாள். இந்த இடம் எல்லாப் பாகத்திலும் வரும், எனக்கு அத்துப்படி. கதவு திறக்கும், பொலிஸைக் கண்டதும் முகம் மாறும், இருந்து கதைப்போமோ என்பார்கள், இல்லை, நின்றபடி சொல்லுங்கள் என்பார்கள், சொன்னதும் கத்தல். எங்கள் ஆக்களாக இருந்தால் இரண்டு மடங்கு கத்தல், நிலத்தில் விழுந்து நெஞ்சில் அடிக்க வைப்பார்கள், நாங்கள் அப்படித்தான் என்று இவர்களுக்கு ஒரு எண்ணம். கோல் உள்ளே வரலாமோ என்று கேட்கிறாள். தகப்பன் நரைத்த மனிசர், கம்பளிச் சட்டை, உள்ளே மேசை விரித்து, இஸ்திரி போட்டு உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்திருக்கிறார், திரும்பிப் போய் மேசைக்குப் பின்னால் நிற்கிறார். கோல் சொல்லுகிறாள். அவர் கேட்கிறார். கத்தவில்லை. ஸ்திரிக்கைப் பெட்டியை எடுக்கிறார். சேட்டுக் கையில் வைத்து இழுக்கிறார், ஒரு பக்கம், மற்றப் பக்கம். கோல் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்துகிறாள். அவர் அந்தச் சேட்டை மடித்து வைத்துவிட்டுக் கூடைக்குள் கைவிட்டுப் பொம்பிளைப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து விரிக்கிறார். விரல் நுனியால் தண்ணீர் தெளிக்கிறார். எனக்கு மணக்கிறது, இந்த லண்டன் வீட்டில், சிரட்டைக்கரி மணக்கிறது, தண்ணீர் தெளித்த துணியில் இரும்பு படுகிற அந்த மணம், நான் ஊரில் கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்து வாசற்படியில் நிற்கிறேன், முன்வீட்டு மகாலிங்கம் மாஸ்டர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவருகிறார், ‘அண்ணை, குகனைச் சந்தியில வைச்சு ஆமிக்காரங்கள் ஏத்திக்கொண்டு போட்டாங்கள்’, அப்பா தபால் கந்தோருக்கு வேலைக்குப் போக வெள்ளைச் சேட்டு மினுக்கிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தார், குனிந்து மினுக்கினார். நான் கத்தினேன், அம்மா கத்தினா, அப்பா மினுக்கி முடித்தார். பிறகு கொடியில் கிடந்த குகனுடைய நீலச் சேட்டை எடுத்துக்கொண்டு வந்து விரித்தார். தண்ணீர் தெளித்தார். ‘வந்தால் போட வேணுமெல்லே’ என்றார். அவன் வரவேயில்லை. அதற்குப் பிறகு முகாம் முகாமாக அந்த வெள்ளைச் சேட்டோடு போய் வாசல்களில் நின்றார், ஒருவரும் அவரிடம் மகனுடைய பெயரைக் கேட்கவில்லை, அவராகச் சொன்னபோதும் ஒருவரும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. திரையில் அந்த மனிசர் வெள்ளைச் சட்டையை மினுக்குகிறார். கோல் நிற்கிறாள். நேரத்தைப் பார்க்கவில்லை, தொண்டையைச் செருமவில்லை, கையை முன்னால் கட்டிக்கொண்டு, தேவாலயத்தில் நிற்பது போல, மினுக்கி முடியும்வரைக்கும் நிற்கிறாள். இசை இல்லை. இரும்பு துணியில் போகிற சத்தம் மட்டும். இவர் கதிரையில் அசையாமல் இருக்கிறார், தேத்தண்ணிக் கோப்பை வாய்க்கும் மடிக்கும் நடுவில். மினுக்கி முடித்து, பொத்தான்களைப் போட்டு, மடித்து வைத்த பிறகு அந்த மனிசர் கேட்கிறார், ‘இதைக் கொண்டுபோய் அவளுக்குக் குடுப்பீங்களோ?’ தமிழில். கீழே இங்கிலீசில் எழுத்து ஓடுகிறது.

‘ஆரபி’ என்கிறேன். அவள் வடைத்தட்டைக் கீழே வைத்துவிட்டாள். ‘அவங்கள் எழுதினது வேற அம்மா. நிலத்தில விழுந்து கத்துறது எண்டு எழுதியிருந்தவை. எனக்குப் பொறுக்கேல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்ட நேரம் டிரெக்டரிட்டப் போய்ச் சொன்னன், எங்கட வீட்டில இப்பிடி நடக்கேல்ல, எண்டு.’ ‘பிணமா இருந்துகொண்டோ கதைச்சனீ?’ ‘ஓம், முகத்தில சேறோட. அவ சாப்பாட்டை வைச்சிட்டு முழுக்கக் கேட்டா. பிறகு அப்பாவா நடிக்கிறவர் என்னைக் கூப்பிட்டு, எப்பிடி எண்டு செய்து காட்டு பிள்ளை எண்டார். காட்டினன்.’ நான் எப்போது இவளுக்குச் சொன்னேன். ஒரு நாள், பள்ளிக்கூடச் சட்டை மினுக்கப் பழக்கும்போது, சுவரில் இருக்கிற குகன் மாமாவின் படத்தைப் பற்றி ஏதோ கேட்டாள், சொல்லிக்கொண்டு போனேன், அவள் காதில் பாட்டுக் கேட்கிற கருவி செருகியிருந்தாள், ஒன்றும் விழவில்லை என்று நினைத்தேன், விழாவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொன்னேன். விழுந்திருக்கிறது. எல்லாம் விழுந்திருக்கிறது, தண்ணீர் தெளித்ததுகூட. ‘உங்களிட்டக் கேக்காமச் சொல்லிப்போட்டன்’ என்கிறாள், ‘சொன்னாப்பிறகுதான் பயம் வந்தது. கோவமோ அம்மா?’ இதற்குத்தான் வடையை மெல்லாமல் வைத்திருந்தாள், இதற்குத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா. தேடிப் பார்க்கிறேன், எங்கேயாவது கிடக்கிறதா என்று. எங்களுடைய வீட்டுக்குள் நடந்ததைத் தூக்கி ஊருக்கெல்லாம் காட்டிவிட்டாளே என்று ஒரு சின்ன முள் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன், அதைத் தொட்டுப் பார்க்கிறேன், அது குத்துவதற்குள் வேறொன்று வந்து நிற்கிறது. இந்த நாட்டில் எத்தனை வீடுகளில் இந்த நேரம் இந்த நாடகம் ஓடுகிறது, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை பேர் இப்போது வாய் பேசாமல் இருந்திருப்பார்கள், அப்பா மினுக்கி முடியட்டும் என்று. ஒரு வாசலிலும் ஒருவரும் அவருக்காகக் காத்து நிற்கவில்லை, இன்றைக்கு ஒரு நாடே நின்றிருக்கிறது, நிற்க வைத்தவள் என் பிள்ளை, வசனம் ஒன்றுகூட இல்லாத பிணம், முகத்தில் சேறோடு எழும்பிப் போய், இப்படி இல்லை என்று சொல்லியிருக்கிறாள். என் நெஞ்சு இந்தச் செற்றிக்குள் அடங்கவில்லை. எதையாவது சொல்ல வேண்டும், இவள் காத்துக்கொண்டிருக்கிறாள், இவரும் கோப்பையை இறக்காமல் என்னையே பார்க்கிறார், வாயைத் திறந்தால் அழுகை வரும், அழுதால் பிழையாக விளங்கிக்கொள்வாள். ‘அப்பா முதல் கொலர்தான் மினுக்குவார்’ என்கிறேன். ‘அந்தாள் கையில இருந்து தொடங்குது. கொலர், பிறகு தோள், அதுக்குப் பிறகுதான் கை.’ ஆரபி என்னைப் பார்க்கிறாள். மூக்கு நுனி சிவந்து வருகிறது, சிரிப்பும் வருகிறது. ‘எடுத்து முடிஞ்சுதே அம்மா.’ ‘அடுத்தமுறை சரியாச் சொல்லிக்குடு.’ ‘அடுத்தமுறை எங்க, நான்தானே செத்திட்டன்.’ இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார், தேத்தண்ணி மடியில் சிந்துகிறது, துடைக்கிறதோ கண்ணைத்தான். ஆரபி சரிந்து என் மடியில் தலையை வைக்கிறாள், வைக்கட்டும், பாரமாக, சூடாக, காதோரத்து மயிரை நான் ஒதுக்கிவிடுகிறேன். திரையில் கோல் அந்த மடித்த சட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு காருக்குப் போகிறாள். பின் இருக்கையில் போடவில்லை, தனக்குப் பக்கத்தில் வைக்கிறாள். முகம் இறுகியிருக்கிறது. இந்த முகம் எனக்குத் தெரியும், இனி அவள் விடமாட்டாள். ‘உனக்குத் தெரியுந்தானே பிள்ளை’ என்கிறார் இவர், ‘ஆர் செய்ததெண்டு சொல்லன்.’ ஆரபி வாயெடுக்கிறாள். நான் அவளுடைய வாயைப் பொத்துகிறேன். ‘சொல்லாத. அவள் கண்டுபிடிக்கட்டும்.’